காவிரிக்கு மேலே இரண்டாயிரம் அடி: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் (திரையிலேயே விமானம் ஓட்டவைக்கும் மென்பொருள்) வைத்துக்கொண்டு இந்தியாவைச் சுற்றிப் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறேன். கும்பகோணத்தில் 31 ஆண்டுகள் புவியியல் ஆசிரியையாக இருந்தவள் நான். வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளையைப் பதில் சொல்லாமல் உட்காரவைத்ததில்லை, இங்கும் அப்படித்தான்.

என் மகன் கல்லூரியில் பயன்படுத்திய பழைய லேப்டாப்தான் வீட்டில் இருக்கிறது. அதில் பறக்க முடியுமா? நிறையச் செலவாகுமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

முடியும் அம்மா. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் தொடங்கலாம். கூகுள் எர்த் ப்ரோ என்ற உலக வரைபட மென்பொருள் 2015 முதல் இலவசம். அதற்குள்ளேயே ஒரு சிறிய ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கிறது. எஃப்-16 போர் விமானம், சிர்ரஸ் எஸ்ஆர்22 என்ற சிறு விமானம் என இரண்டுதான் கிடைக்கும். சிர்ரஸை எடுங்கள். போர் விமானத்தின் வேகத்தில் ஊர் பார்க்க முடியாது. பழகிய பிறகு ஃப்ளைட்கியர் என்ற இலவச மென்பொருளுக்குப் போகலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024 பதிப்புகள் செயற்கைக்கோள் படங்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே ஓடுகின்றன. காட்சி மிக அழகு. ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் அறுபடாத இணைய இணைப்பும் வேண்டும். பழைய லேப்டாப் தாங்காது. ஜாய்ஸ்டிக்கை இப்போதே வாங்க வேண்டாம். ஒரு மாதம் பறந்த பின்னும் ஆசை குறையவில்லை என்றால் வாங்குங்கள்.

முதல் நாள் உங்கள் ஊருக்கு மேலேயே பறந்து பாருங்கள். 4,000 அடிக்கு ஏறி மேற்கே திரும்புங்கள். இடப்பக்கம் ஆனைமலை, வலப்பக்கம் தூரத்தில் நீலகிரி. நடுவே சுவரில் வாசல் வைத்ததுபோல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வெளி. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆடிமாதத்தில் உங்கள் ஊர்த் தென்னையை ஆட்டும் காற்று அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளை நட்டிருப்பதும் அதை நம்பித்தான். இதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! மேலே இருந்து பார்த்தால் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் எந்த வழியில் பறக்கலாம்?
– ஒரு வாசகர், நாமக்கல்

காவிரியோடு போங்கள். நான் டெல்டாவில் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை. திசைகாட்டி பார்க்கத் தெரியாதவரும் ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போக முடியும். வழி தவறினால் வட்டமடித்து மறுபடி ஆற்றுக்கு வந்துவிடலாம். 800 கிலோமீட்டர், செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில், வளைவுகளோடு வளைந்து நிதானமாகப் போனால் நான்கு மாலைகள் ஆகும்.

தலைக்காவிரிக்குப் பக்கத்தில் விமான நிலையம் இல்லை. கண்ணூரிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ நேர் வடக்கே 50 கிலோமீட்டர் போக வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விமானத்தின் உயரமானி காட்டுவது கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம். கீழே இருக்கும் தரையிலிருந்து அல்ல. தலைக்காவிரியே 1,276 மீட்டர் உயரத்தில், அதாவது சுமார் 4,200 அடியில் இருக்கிறது. ஆகவே 6,500 அடிக்கு ஏறிக்கொண்டு மலைக்குள் நுழையுங்கள். அதன் பிறகு ஆறு இறங்க இறங்க நீங்களும் இறங்குங்கள். எப்போதும் தரைக்கு மேலே 2,000 அடி என்று வைத்துக்கொண்டால், மைசூர்ப் பக்கம் உயரமானி 4,500 காட்டும். திருச்சிக்கு வரும்போது 2,300 காட்டும். ஓர் ஆறு எத்தனை படி இறங்கி நம் வயலுக்கு வருகிறது என்பதை அந்த முள் சொல்வதுபோல் எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை.

வழியில் மூன்று தீவுகளைத் தவறவிடாதீர்கள். ஆதிரங்கம் என்னும் ஸ்ரீரங்கப்பட்டணம், மத்தியரங்கம் என்னும் சிவனசமுத்திரம், கடைசியாக நம் ஸ்ரீரங்கம். மூன்று இடத்திலும் ஆறு இரண்டாகப் பிரிந்து பெருமாளைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேர முயல்கிறது. சிவனசமுத்திரத்தில் நிலம் திடீரென்று உடைந்து இறங்குவது தெரியும். அந்த இறக்கத்தில்தான் 1902இல் மின்நிலையம் அமைத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். ஒகேனக்கல்லுக்கும் மேட்டூருக்கும் இடையே இருபுறமும் மலை நெருங்கும். நீருக்கு மேலேயே இருங்கள், அல்லது ஏறிவிடுங்கள். மேட்டூரில் ஆறு தெற்கே திரும்பி, பவானியில் கூடி, ஈரோட்டுக்குப் பிறகு கிழக்கைப் பார்க்கும். உங்கள் நாமக்கல் மாவட்டத்தை மேற்கிலும் தெற்கிலும் வேலிபோல் அணைத்துக்கொண்டு போவது இந்த ஆறுதான்.

பல இடங்களில் காவிரி வெறும் மணலாகத் தெரியும். மனம் கலங்காதீர்கள். மேகமில்லாத நாளில் எடுத்த செயற்கைக்கோள் படங்களையே தேர்ந்தெடுப்பதால் அவை பெரும்பாலும் கோடையில் எடுத்தவையாக இருக்கின்றன. இன்றைய காவிரி அதுவல்ல.

நான்காம் மாலை என் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். அவருக்கு 84 வயது. ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் இறங்காத ஆண்டு இல்லை. ஆனால் ஆற்றை முழுதாகப் பார்த்ததில்லை. கல்லணைக்கு மேலே ஆட்டத்தை நிறுத்திவைத்தேன். இடப்பக்கம் அகலமாக, வெளுப்பாகக் கொள்ளிடம். அதற்கு இப்பால் காவிரி, வெண்ணாறு, நேர்க்கோடுபோல் வெட்டிய புதாறு. அம்மா திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். பிறகு குடமுருட்டி பிரியும் இடம் வந்ததும் விரல் அதோடு நகர்ந்தது. அவர் பிறந்த ஊர் அதன் கரையில் இருக்கிறது. "இந்த வளைவு இல்லை, அடுத்தது" என்றார். அடுத்த வளைவில் ஒரு குளம் இருந்தது. "மேற்கே ஒரு தோப்பு இருக்க வேண்டுமே" என்றார். இருந்தது. பூம்புகாரில் காவிரி ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிக் கடலில் சேர்வதைக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தலைக்காவிரியிலிருந்து இன்னொரு தடவை காட்டு" என்றார்.

நான் பயன்படுத்தும் சிமுலேட்டரில் எங்கள் மீனாட்சியம்மன் கோபுரங்கள் ஜன்னல் வைத்த அடுக்குமாடிக் கட்டடங்களாக நிற்கின்றன. பார்க்கவே வேதனையாக இருக்கிறது. இது கோளாறா?
– ஒரு வாசகி, மதுரை

எனக்கும் அதே வேதனைதான். செயற்கைக்கோள் மேலிருந்து படமெடுக்கிறது. கட்டடத்தின் கூரை தெரியும். உயரமும் வடிவமும் தெரியாது. நீளம் அகலத்தை வைத்துக் கணினி ஒரு பெட்டியை எழுப்பி, ஜன்னலும் ஒட்டிவிடுகிறது. 170 அடி தெற்குக் கோபுரத்தை அதற்கு யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. கோயிலைக் கையால் செதுக்கிச் சேர்த்தால்தான் சரியாக வரும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் கட்டடங்களின் உயரத்தைப் பதியலாம். எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர் போன்ற சிமுலேட்டர்கள் அந்த வரைபடத்திலிருந்து தரவு எடுத்துக்கொள்கின்றன. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு விடுமுறையில் மதுரையின் பாதியைத் திருத்திவிடலாம். செய்யச் சொல்லுங்கள்.

அதுவரை கோபுரத்தை விட்டுவிட்டு வீதிகளைப் பாருங்கள். 2,500 அடியிலிருந்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரங்கள் விரியும். மாதங்களின் பெயரைத் தெருக்களுக்கு வைத்து, கோயிலை நடுவில் நிறுத்திக் கட்டிய ஊர் அது. கணினி இதில் ஒரு முழம்கூடத் தவறவில்லை.

என் அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயலின்போது அவருக்குப் பத்து வயது. தாத்தா ரயில்வேயில் வேலை செய்தார். அதன் பிறகு அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போது போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. இதில் காட்டலாமா?
– ஒரு வாசகர், சென்னை

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காட்டலாம். ஆனால் முதலில் அவரிடம் கேளுங்கள். கேட்காமல் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

அவர் சரி என்றால், மதுரை விமான நிலையத்திலிருந்து தென்கிழக்கே கிளம்புங்கள். பாம்பன் ஏறத்தாழ 135 கிலோமீட்டர். சிறு விமானத்தில் முக்கால் மணி நேரம். அந்த நேரம் வீண் அல்ல, அவர் மனம் தயாராவதற்கு அது வேண்டும். ராமநாதபுரத்துக் கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் தெரியும். பிறகு நிலம் ஒல்லியாகி, கடல் இருபக்கமும் வரும். பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் தெரியலாம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் இன்னும் படத்தில் ஏறாமலிருக்கலாம். ஆனால் அவருக்கு வேண்டியது பழைய பாலம்தானே.

ராமேஸ்வரத்தைத் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். 1,500 அடி போதும். அங்கிருந்து அரிச்சல்முனை வரை ஒரு மணல் நாக்கு மட்டுமே. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள், அப்பாவே சொல்லக்கூடும். நீரின் நிறம் இருபக்கமும் வேறு வேறாக இருப்பது மேலிருந்து நன்றாகத் தெரியும். முனைக்கு அப்பால் மணல்திட்டுகள் வரிசையாகத் தலைமன்னாரை நோக்கிப் போகும். அக்கரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இந்தக் கடலைத்தான் அந்தக் காலத்தில் ரயிலிலிருந்து இறங்கியவர்கள் கப்பலேறிக் கடந்தார்கள்.

தேவாலயத்தின் இடிந்த சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் திரையில் தெரியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அத்தனை சிறியவற்றைப் படம் பிடித்து வைப்பது அரிது. இடம் மட்டும் சரியாக இருக்கும்.

இன்னும் இரண்டு. வானிலையைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நிஜ வானிலை வேண்டாம். டிசம்பர் மாதத்தில் பறந்தால் அங்கே உண்மையிலேயே கருமேகம் திரண்டிருக்கக்கூடும், அதை அவர் பார்க்க வேண்டியதில்லை. அடுத்து, முனையில் திரும்பும்போது விமானத்தைச் சட்டென்று சாய்க்காதீர்கள். வயதானவர்களுக்குத் திரை சாய்ந்தால் தலை சுற்றும். கடலுக்கு மேலே அகலமாக வட்டமடித்து, மணலைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். அவர் பேசினால் எழுதி வையுங்கள்.

லடாக்கில் லேயிலிருந்து கிளம்பி கார்துங் லா கணவாயைத் தாண்ட முயல்கிறேன். செஸ்னா 172 ஒவ்வொரு முறையும் மலையில் மோதுகிறது. என்ன தவறு செய்கிறேன்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

தவறு உங்களுடையது அல்ல, காற்றினுடையது. லே விமான நிலையமே 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். என்ஜின் மூச்சுவிடக் காற்று குறைவு, இறக்கைக்கு ஏந்திப்பிடிக்கவும் காற்று குறைவு. செஸ்னா 172 ஏறக்கூடிய உச்சமே சுமார் 14,000 அடி. கார்துங் லா 17,500 அடிக்கும் மேல். ஆகவே எத்தனை முறை முயன்றாலும் நடக்காது. செஸ்னா காரவன் போன்ற டர்போ என்ஜின் விமானத்தை எடுங்கள். அது 25,000 அடி வரை போகும். எடுத்தாலும் நேரே கணவாயை நோக்கி ஓடாதீர்கள். பள்ளத்தாக்கிலேயே வட்டமடித்துத் தேவையான உயரத்தை எட்டிய பிறகு திரும்புங்கள்.

செஸ்னாவை விட மனமில்லையா? அதிலேயே எரிபொருள் கலவையை மெலிதாக்கிக்கொண்டு (காற்று குறைவதற்கு ஏற்ப எரிபொருளையும் குறைத்துக்கொண்டு), சிந்து நதியோடு மேற்கே போங்கள். நிம்முவில் ஜன்ஸ்கார் ஆறு வந்து சேரும். இரண்டு நீரும் இரண்டு நிறத்தில் கொஞ்ச தூரம் சேராமல் ஓடுவது படத்திலேயே தெரிகிறது. லேயில் பெரிய விமானங்கள் 07 ஓடுபாதையில் கிழக்கு நோக்கி இறங்கி, 25இல், அதாவது அதே பாதையின் மறுமுனையிலிருந்து, மேற்கு நோக்கியே கிளம்பும், கிழக்கே மலை மறிப்பதால். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் தினமும் இதிலேயே இருக்கிறான். பைலட் ஆக இது உதவுமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

வீட்டுக் கணினியில் பறந்த மணிக்கணக்கு உரிமத்துக்குக் கணக்கில் வராது. நம் நாட்டில் மாணவர் உரிமத்துக்கு 16 வயது, தனியார் உரிமத்துக்கு 17, வணிக உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேர உண்மையான பறத்தலும் வேண்டும். ஆனால் வரைபடம், காற்றின் திசை, ரேடியோவில் பேசும் முறை எல்லாம் இதில் பழகும். ஒரு கெட்ட பழக்கமும் வரும்: வெளியே பார்க்காமல் கருவிகளையே பார்ப்பது. கருவிப்பலகையை மறைத்துவிட்டுத் தினமும் பத்து நிமிடம் பறக்கச் சொல்லுங்கள். இயற்பியலும் கணக்கும் முடிந்த பிறகு.

நேரில் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதை ஊர் சுற்றுவது என்று சொல்வது சரியா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ஸ்ரீரங்கத்துக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. அது ஒரு தீவு என்று வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். பஸ்ஸில் பாலத்தைக் கடந்து, சந்நிதியில் நின்று, மறுபடி பாலத்தைக் கடந்து வந்தேன். முக்கொம்பில் தொடங்கி இரண்டு கைகளுக்கு நடுவே அந்த நிலம் படுத்திருப்பதைச் சிமுலேட்டரில்தான் பார்த்தேன். அடுத்த வாரமே மறுபடி கோயிலுக்குப் போனேன். அந்த முறை, பாலத்தின் மேல் நிற்கும்போது எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

வரலாற்றோடு தொடர்புள்ள பறத்தல் ஏதாவது சொல்லுங்கள்.
– ஒரு மாணவி, வேலூர்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாயின் ஜுஹூவுக்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பஸ் மாத் என்ற ஒற்றை என்ஜின் விமானம். ரேடியோ கிடையாது. அகமதாபாத், ஜுஹூ, பெல்லாரி, சென்னை என்று அந்த வழியில் பறந்து பாருங்கள். திரையிலுள்ள வரைபடத்தை அணைத்துவிட்டு, அச்சிட்ட அட்லஸை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜுஹூ வரை கடற்கரை கூடவே வரும். ஜுஹூவுக்குப் பிறகுதான் சோதனை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, தக்காணத்தில் அடையாளமில்லாத பழுப்பு நிலத்தில் பெல்லாரியைத் தேட வேண்டும். முதல் முறை நான் துங்கபத்திரை அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்துத்தான் தப்பித்தேன். 1932இல் அந்த அணையும் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அந்த விமானிகள் மீது எனக்கு இருந்த மரியாதை அன்று பல மடங்கானது. 1982இல், 78 வயதில், டாட்டா அதே கராச்சி – பம்பாய் வழியில் மறுபடி தனியாகப் பறந்தார்.

எந்த நேரத்தில் பறந்தால் காட்சி நன்றாக இருக்கும்?
– ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்

சிமுலேட்டரின் கடிகாரத்தைக் காலை ஏழு மணிக்கு வையுங்கள். நண்பகலில் நிழல் இல்லாததால் மலையும் தட்டையாகத் தெரியும். உங்கள் ஊரிலிருந்து கல்லாறு, குன்னூர் என்று மலை ரயில் பாதையைத் தொடர்ந்து ஏறுங்கள். பாதை பல இடங்களில் மரத்துக்குள் மறைந்துவிடும். பாலங்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அந்தச் சரிவு கிழக்கைப் பார்த்தது. காலையில் ஒவ்வொரு மடிப்பும் வெளிச்சத்தில் இருக்கும். மாலை நான்குக்கு மேல் போனால் முழுவதும் நிழல்தான்.